முதல் வகுப்பில் பூ வேண்டாம்

குயில்ட் தைக்கும் குழுக்களில் ஃப்ரீ மோஷன் வகுப்பு என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கும். ஆசிரியர் துணியில் ஒரு பூவோ இறகோ வரைந்து கொடுப்பார். வந்தவர்கள் அந்தக் கோட்டின் மேல் ஊசியை ஓட்டப் பார்ப்பார்கள். ஒரு மணித்தியாலத்தில் பாதிப்பேருக்கு நூல் அறுந்திருக்கும், மீதிப்பேருக்கு மனம் விட்டுப்போயிருக்கும். இந்த முறை பிழை என்பதுதான் என் கட்சி. ஒன்ராறியோவில் நான் வசிக்கும் சிறு நகரத்துக் குழுவுக்கு மூன்று வருடமாக இதைக் கற்றுக்கொடுக்கிறேன். என் வகுப்பில் முதல் நாள் பூவும் கிடையாது, இறகும் கிடையாது.

குயில்ட் பக்கமே போகாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். குயில்ட் மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைத்த முகப்பு, நடுவில் பஞ்சுப் படை, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலுக்குத்தான் குயில்ட்டிங் என்று பெயர். சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே இருக்கும் பற்கள் துணியை இழுத்துக்கொண்டு போகும், தையலின் நீளத்தை மெசினே பார்த்துக்கொள்ளும். ஃப்ரீ மோஷனில் அந்தப் பற்களை இறக்கிவிட்டு, துள்ளித் துள்ளி எழும்பும் ஒரு சின்னப் பாதத்தைப் பூட்டுவோம். அதற்குப் பிறகு மெசினின் வேலை ஊசியை மேலும் கீழும் ஆட்டுவது மட்டும்தான். துணி எந்தப் பக்கம் போகும், எவ்வளவு வேகமாகப் போகும் என்பதெல்லாம் உங்கள் இரண்டு கைகளின் பொறுப்பு.

இதற்குள் இருக்கும் கணக்கு சின்னது. மெசின் நிமிடத்துக்கு 600 தையல் போட்டால் செக்கனுக்கு 10. அங்குலத்துக்கு 10 தையல் விழவேண்டும் என்றால் கை செக்கனுக்கு ஓர் அங்குலம் நகரவேண்டும். மிதியை அழுத்தி 900க்குப் போனால் கை ஒன்றரை அங்குலம் போகவேண்டும். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் மிதியை மெல்ல அழுத்திக்கொண்டு, துணியை மட்டும் வெடுக்கென்று இழுப்பார்கள். தையல் நீண்டுவிடும். இங்கே அதைக் 'கால்விரல் பிடிப்பான்' என்று பகிடியாகச் சொல்வார்கள். இரவில் போர்த்துக்கொண்டு படுத்தால் கால்விரல் அதில் போய் மாட்டுமாம். வளைவுகளில் கை பறந்தால் அடிப்பக்கத்தில் கண்ணிமை மயிர் மாதிரி நூல் வளையங்கள் வரிசையாக நிற்கும். அதைக் கண்டவுடன் எல்லோரும் நூல் இறுக்கத்தைத் திருகப் போவார்கள். பல நேரம் கோளாறு திருகில் இருக்காது, கையின் வேகத்தில்தான் இருக்கும்.

ஆக, பழகவேண்டியது வேகம். வரைந்த கோடு அதற்கு எதிரி. கோட்டைக் கொடுத்தால் கண் ஊசியிலேயே ஒட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு யாராவது கார் ஓட்டுவார்களா? கோடு கொஞ்சம் தப்பினால் போதும், கை இறுகும், கால் தளரும், எல்லாம் குழம்பிவிடும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் புள்ளி எழுத்தின் மேல் பென்சிலை இழுத்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பக்கம் பக்கமாக இழுத்த பிள்ளைக்கும் வெள்ளைத் தாளைக் கொடுத்தால் கை நின்றுவிடும். புள்ளியைத் தொடரத்தானே பழகியிருக்கிறது.

என் வகுப்பில் முதலில் 14 அங்குலச் சதுரமாக இரண்டு வெற்றுத்துணி, நடுவே பஞ்சு. அடி நூலை மேலே இழுத்து எடுத்துக்கொண்டு, சும்மா ஓடவேண்டியதுதான். மெசினின் சத்தத்தைக் கவனிக்கச் சொல்வேன். அது ஏறி இறங்காமல் ஒரே சீராக வரும்வரை வேறு எதுவும் இல்லை. அதன்பிறகு தங்கள் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதச் சொல்வேன். எழுபது வயதுக்காரருக்கு அவருடைய கையெழுத்து அறுபது வருடமாகக் கையில் இருக்கிறது. வடிவத்தை யோசிக்கத் தேவையில்லாததால் வேகத்தை மட்டும் கவனிக்க முடிகிறது. இளையவர்களிடம் இது எப்போதும் சரிவராது. ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் 2023இல்தான் கூட்டெழுத்து மறுபடி கட்டாயமானது. அதற்கு முன் படித்த பலருக்குக் கையெழுத்தே ஒரு கிறுக்கல். அவர்களுக்கு நான் 'ஒ' எழுதிக் காட்டுவேன், ஒன்றன் பின் ஒன்றாக. பேனையை எடுக்காமல் எழுதலாம், சுழியும் பெரிய வளைவும் ஒன்றிலேயே இருக்கிறது, வாலை நீட்டினால் அடுத்த 'ஒ' தொடங்கும். அது ஓர் எழுத்து என்று நானாகச் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன்.

இன்னொரு விதியும் உண்டு. தடுமாறுகிறவரை எழுப்பிவிட்டு அவருடைய கதிரையில் நான் உட்கார மாட்டேன். காட்டவேண்டும் என்றால் என்னுடைய மெசினில் காட்டுவேன். ஆசிரியர் தைத்துக் கொடுத்த அழகான துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் திரும்பித் தொடுவதில்லை.

குழுவில் எல்லோருக்கும் இது பிடிக்கும் என்று நினைக்கவேண்டாம். கையால் தைக்காதது குயில்ட்டே இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கையால் தைத்ததன் அழகை நான் மறுக்கவில்லை. நியூ ஹாம்பர்க்கில் மெனனைட் சபையினர் நிவாரணத்துக்காக நடத்தும் ஏலத்துக்குப் போய்ப் பாருங்கள், அந்தத் தையலின் பொறுமை கண்ணை நிறைக்கும். ஆனால் மெசின் தையல் கீழானது என்ற வாதத்துக்கு வயதாகிவிட்டது. ஹேரியட் ஹார்க்ரேவ் வீட்டு மெசினில் இதை எப்படிச் செய்வது என்று புத்தகம் போட்டது 1987இல். 1989இல் கென்டக்கி மாநிலத்துப் படூகாவில், அமெரிக்கன் குயில்டர்ஸ் சொசைட்டியின் கண்காட்சியில், கரில் பிரையர் ஃபாலர்ட் மெசினில் தைத்த சூரிய கிரகணக் குயில்ட்டுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கண்காட்சியில் மெசின் தையலுக்குப் பெரிய பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பரிசை விடுங்கள். எங்கள் குழுவில் பாதிப்பேருக்கு விரல் மூட்டு வலி. சின்ன ஊசியைப் பிடிக்க முடியாமல் கைத்தையலை நிறுத்தியவர்கள். அவர்களிடம் போய் 'கையால் தைத்தால்தான் குயில்ட்' என்பது, இனித் தைக்காதீர்கள் என்று சொல்வதுதான். பெரிய லோங் ஆம் மெசின் வைத்திருப்பவரிடம் கொடுத்துத் தைப்பிக்கலாம், அது கௌரவமான தொழில். ஆனால் கூலி சதுர அங்குலக் கணக்கு. 60க்கு 80 என்றால் 4800 சதுர அங்குலம். 3 சதம் என்று வைத்தாலும் 144 டொலர், பஞ்சும் நூலும் வேறு. ஓய்வூதியத்தில் இருப்பவர் வருடத்துக்கு எத்தனை கொடுப்பார்? அதனால் முகப்புகள் தைத்து முடிந்து, மடிந்து, அலுமாரியில் கிடக்கின்றன. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கென்று தொடங்கியது அப்படியே இருக்க, பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வித்தை என்று நினைத்தால் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். என் அம்மா யாழ்ப்பாணத்தில் கால்மிதி சிங்கரில் மெசின் எம்பிராய்டரி பழகியவர். பாதத்தைக் கழற்றி, பல்லைத் தகட்டால் மூடி, துணியை வளையத்தில் இறுக்கி, கையால் நகர்த்திப் பூப்போடுவது. பஞ்சுப் படை இல்லை என்பதைத் தவிர இரண்டும் ஒரே வேலை. நான் முதன்முதலில் ஃப்ரீ மோஷன் செய்துகாட்டியபோது, "இதுக்கேன் பிள்ளை காசு கட்டி வகுப்புக்குப் போனனீ?" என்றுதான் கேட்டார்.

எங்களைப் போன்றவர்களை ஊர்ச் சங்கங்கள் கூப்பிடுவது வருடத்தில் ஒரு நாள், சேலையும் வடையுமாக. அதில் தப்பில்லை, வடை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்களுடைய சொந்தக் கைவேலையிலேயே அவர்களுக்கு ஒரு உதவியாக இருப்பது வேறு மாதிரி. அங்கே என்னிடம் எந்த நாடு என்று கேட்பதற்கு முன் எந்த ஊசி என்று கேட்கிறார்கள். (90க்கு 14. எட்டு மணித்தியாலத் தையலுக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.)

மூன்றாவது வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் அலுமாரியில் கிடக்கும் முகப்பு ஒன்றைக் கொண்டுவரவேண்டும். பழகல் துணிக்கு அன்று இடமில்லை. நடுவிலிருந்து தொடங்கி, ஓரங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு, கோணல் மாணலாக ஓடினாலும் ஓடி முடித்து, விளிம்பு கட்டி எடுத்துக்கொண்டு போகவேண்டும். இறகு போடப் பழக ஆசை இருக்கிறவர்கள் நாலாவது வகுப்புக்கு வரலாம்.