ஆய்வுக்கூடத்துக்கு வரி, மேடையில் மட்டும் விஷ்வகுருவா?



சுடுகாட்டு மல்லின்னு நாம ஒதுக்கி வைக்கிற நித்தியகல்யாணிச் செடியைத் தெரியும்தானே? தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் அதைப் பயிர் செய்து, காயவைத்து, இலையும் வேருமாக மூட்டை கட்டி விற்கிறார் நம் விவசாயி. இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஏற்றும் வின்கிரிஸ்டின் மருந்து அந்தச் செடியில் இருந்துதான் வருகிறது.

கண்டுபிடித்தது யார்? 1958ல் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் இதே செடியின் இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். செடி அந்த மருந்தை எப்படிச் சமைக்கிறது என்ற கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2018ல், இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில். 60 வருஷ உழைப்பு! 2022ல் அந்த மருந்தின் மூலப்பொருட்களை ஈஸ்ட்டிலேயே தயாரித்துக் காட்டிவிட்டார்கள். நாளைக்கு அது ஆலை அளவுக்கு வளர்ந்தால் நம்ம ஆளோட மூட்டையை யார் வாங்குவாங்க?

நம்மிடம் மூளை இல்லையா? இருக்கு. வீணாகும் வெப்பத்தை மின்சாரமாக்கும் பொருள் பற்றி பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தின் கனிஷ்க பிஸ்வாஸ் குழு செய்த ஆய்வு, 2021ல் உலகப் புகழ்பெற்ற 'சயின்ஸ்' இதழில் வந்தது. அனல்மின் நிலையத்தில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணாகப் போகிற நாட்டுக்கு இது சின்ன விஷயமா?

இப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றிய பாஜக அரசு செய்தது என்ன?

👉 2022 ஜூலை: ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5% ஜிஎஸ்டி சலுகை பறிபோனது. வரி 18% வரை ஏறியது.

👉 2024 ஜூலை பட்ஜெட்: ஆய்வக வேதிப்பொருட்களுக்குச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதம்! விஞ்ஞானிகள் கொதித்த பிறகுதான், ஆய்வகங்களுக்கு மட்டும் பழைய வரிக்கு இறங்கி வந்தார்கள்.

👉 அதே 2024: ஆய்வு மானியத்துக்கே ஜிஎஸ்டி கட்டச் சொல்லி ஐஐடிகளுக்கு நோட்டீஸ். செப்டம்பரில்தான் விலக்கு கிடைத்தது.

"ஜிஎஸ்டி கவுன்சில்ல மாநிலங்களும்தானே இருக்கு" என்று வருவார்கள். சரி, 150% சுங்க வரி எந்தக் கவுன்சில் போட்டது? அது முழுக்க உங்க பட்ஜெட்!

"50,000 கோடியில் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைத்தோமே" என்பார்கள். அதில் 36,000 கோடி வெளியிலிருந்து, பெரும்பாலும் தனியாரிடமிருந்து திரட்ட வேண்டியது. ஐந்து ஆண்டுக்கு அரசின் பங்கு 14,000 கோடிதான். இலாபம் எப்போ வரும்னு கேட்கிற முதலாளி, 60 வருஷம் ஒரு செடியின் பின்னால் போவாரா? அதுக்குத்தானே அரசாங்கம்?

2020ல் நாட்டு மாட்டுச் சாணம், கோமியம் பற்றி ஆய்வு செய்ய வாருங்கள் என்று அழைத்தது இதே ஒன்றிய அரசு. அதைத் திரும்பப் பெறச் சொல்லி 500க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டார்கள். எதற்குக் கதவு திறக்கிறது, எதற்கு வரி விழுகிறது என்று பாருங்கள்!

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது 0.64%. 2020 கணக்கில் சீனா 2.4%, தென்கொரியா 4.8%. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யாருக்கு ஐயா நீங்கள் குரு?

நாம் கேட்பது மூன்றுதான். ஆய்வுக் கருவிக்கும் வேதிப்பொருளுக்கும் வரிவிலக்கு கொடு! ஆய்வு மாணவர் உதவித்தொகையை மாதாமாதம் தேதி தவறாமல் போடு! அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தை ஒதுக்கு!

உங்க வீட்டிலோ தெருவிலோ பிஎச்டி பண்ற பிள்ளை இருந்தா, ஒரு கெமிக்கல் பாட்டில் வர எத்தனை மாசம் ஆகுதுன்னு கேளுங்க. அவங்க சொல்றதைக் கமெண்டில் எழுதுங்க. இந்தப் பதிவை எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் கொண்டு சேருங்க.

மண் நம்மது, செடி நம்மது. அறிவும் நம்மதாகட்டும்!

#ஆய்வுக்கு_வரிபோடாதே
#அறிவியலைக்_காப்போம்