ஜப்பான் கம்பெனிகளில் ஒரு மேனேஜர் எப்படி உருவாகிறார்? பெரம்பலூர், அரியலூர் ஷூ தொழிற்சாலைகளுக்கு இதில் என்ன பாடம்?

சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் என்றால் பெரம்பலூர். சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் ஆலை என்றால் அரியலூர். பல வருடங்களாக இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் இதுதான் அடையாளம். இப்போது அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அது காலணி.

2022 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சிப்காட் தொழில் பூங்காவைத் திறந்து வைத்த முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், அங்கே ஃபீனிக்ஸ் கோத்தாரி காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார். சரியாக ஒரு வருடம் கழித்து, 2023 நவம்பரில், குரோக்ஸ் பிராண்டு செருப்புகளைத் தயாரிக்கும் ஆலை அங்கே திறக்கப்பட்டது. அடுத்த வருடமே அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் சிப்காட்டில், தைவானைச் சேர்ந்த டீன் ஷூஸ் நிறுவனத்தின் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 1,000 கோடி ரூபாய். 15,000 பேருக்கு வேலை, அதில் பெரும்பாலானோர் பெண்கள் என்று அரசு அறிவித்தது.

வேலை வருது, சந்தோஷம். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கு. மெஷின் முன்னாடி உட்காரப்போவது உள்ளூர் பிள்ளைகள். அவர்களுக்கு மேலே சூப்பர்வைசராக, மேனேஜராக வரப்போவது யார்? 20 வயதில் தையல் லைனில் சேரும் ஒரு பெண், 35 வயதில் எங்கே இருப்பார்? அதே மெஷினிலா, இல்லை அந்த லைனையே நடத்தும் இடத்திலா?

இந்தக் கேள்விக்குத் திட்டம் போட்டு பதில் தேடிய நாடு ஜப்பான். எறையூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் வந்திருப்பவை ஜப்பான் கம்பெனிகள் இல்லை. ஆனால் தொழிற்சாலைக்குள்ளேயே மேலாளர்களை வளர்த்தெடுக்கும் விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்படும் முறை அவர்களுடையதுதான். தமிழ்நாட்டுக்கும் அது புதுசு இல்லை. விரிவாகப் பார்க்கலாம்.

முதல் நாளே மேனேஜர் கிடையாது

நம்ம ஊரில் ஒருவர் எம்பிஏ முடித்தால், நேராக உதவி மேலாளர் பதவியில் சேர வாய்ப்பு உண்டு. ஜப்பானின் பெரிய கம்பெனிகளில் வழக்கம் வேறு. அங்கே ஒவ்வொரு ஏப்ரலிலும், கல்லூரி முடித்தவர்களை ஒரே நேரத்தில் கூட்டமாக வேலைக்கு எடுப்பார்கள். குறிப்பிட்ட ஒரு வேலைக்கு என்று எடுப்பதில்லை, கம்பெனிக்கு என்று எடுப்பார்கள். என்ன வேலை என்பது அப்புறம்தான் முடிவாகும்.

முதலில் சில வாரங்கள் அல்லது மாதங்கள் அறிமுகப் பயிற்சி. மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, விசிட்டிங் கார்டை எப்படி நீட்டுவது என்பதிலிருந்து பாடம் தொடங்கும். உற்பத்தித் துறை கம்பெனி என்றால், பொறியாளராக இருந்தாலும் கொஞ்ச காலம் தொழிற்சாலையில் நின்று வேலை செய்யணும். சில கம்பெனிகள் விற்பனைக் கடைக்கும் அனுப்பும்.

அதன்பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை துறை மாற்றம். உற்பத்தியில் இருந்தவர் தரக் கட்டுப்பாட்டுக்குப் போவார். அங்கிருந்து கொள்முதல், பிறகு வேறு ஊர்க் கிளை. இப்படிச் சுற்றி வந்தவருக்கு 'காச்சோ' எனப்படும் பிரிவு மேலாளர் பதவி கிடைக்கும்போது, பெரும்பாலும் 30-களின் கடைசி அல்லது 40 வயதைத் தொட்டிருப்பார். அதற்குள் கம்பெனியின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். எந்தத் துறையில் பிரச்சனை என்றாலும், அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

'கெம்பா' என்றால் என்ன?

ஜப்பானிய மேலாண்மையில் அடிக்கடி வரும் சொல் 'கெம்பா'. வேலை நடக்கும் இடம் என்று அர்த்தம். தயாரிப்பில் குறை வந்தால், ஏசி அறையில் உட்கார்ந்து அறிக்கை கேட்காமல் அந்த இடத்துக்கே போய்ப் பார்க்கணும் என்பது அங்கே அடிப்படைப் பாடம்.

டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் தாய்ச்சி ஓனோ. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, இளம் பொறியாளரை அதற்குள் நிற்க வைப்பாராம். மணிக்கணக்கில் நின்று, எதிரே நடக்கும் வேலையை மட்டும் பார்க்கணும். திரும்பி வந்து, 'என்ன பார்த்தாய்?' என்று கேட்பார். பதில் சரியில்லை என்றால் மறுபடியும் வட்டத்துக்குள் போகணும்.

இன்னொரு சொல் 'ஹோரென்சோ'. அறிக்கை கொடு, தகவல் சொல், கலந்து பேசு என்ற மூன்று ஜப்பானியச் சொற்களின் சுருக்கம் இது. புதிதாகச் சேருபவருக்கு முதலில் சொல்லித்தரும் விஷயங்களில் ஒன்று. கெட்ட செய்தியை மறைக்காமல் உடனே மேலே சொல்லணும் என்பதுதான் இதன் சாரம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்குக் கீழே இருப்பவரைப் பழக்குவது மேலாளரின் கடமையாகவே பார்க்கப்படுகிறது. பயிற்சி என்பது தனியாக ஒரு துறையின் வேலை மட்டும் இல்லை. 'அவன் செய்யலை' என்று சூப்பர்வைசர் சொன்னால், 'நீ சொல்லிக் கொடுத்தாயா?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

இது முழுக்க ஜப்பான் கண்டுபிடித்ததா?

இல்லை. இங்கேதான் சுவாரசியம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், அனுபவம் இல்லாத லட்சக்கணக்கான தொழிலாளர்களை வேகமாகப் பழக்க அமெரிக்கா ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருந்தது. தொழிலாளியைத் தயார் செய், வேலையைச் செய்து காட்டு, அவரைச் செய்யச் சொல்லிப் பார், பிறகும் தொடர்ந்து கவனி என்று நான்கு படிகள். போருக்குப் பிறகு இது ஜப்பானுக்குப் போனது. அமெரிக்காவில் போரோடு இதற்கான முக்கியத்துவம் குறைந்துபோக, ஜப்பான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

1950-ல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் நடத்தினார். 1951-ல் அவர் பெயரிலேயே டெமிங் விருது உருவானது. 1962-ல் 'தர வட்டங்கள்' தொடங்கின. அதாவது, ஒரே இடத்தில் வேலை செய்யும் தொழிலாளர்கள் சின்னக் குழுவாகச் சேர்ந்து, தங்கள் வேலையில் உள்ள குறைகளைத் தாங்களே கண்டுபிடித்துச் சரிசெய்வது. வருங்கால சூப்பர்வைசர்களுக்கு இந்தக் குழுக்கள்தான் நாற்றங்கால்.

வெளிநாட்டு யோசனையை ஜப்பான் எடுத்துக்கொள்ள முடிந்தது என்றால், ஜப்பான் யோசனையை நாமும் எடுத்துக்கொள்ள முடியும். எடுத்தும் இருக்கிறோம்.

பாடியில் நடந்தது என்ன?

1998-ல், சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவுக்கு டெமிங் விருது கிடைத்தது. இந்தியக் கம்பெனி ஒன்று அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் முறை. ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து ஆலோசனை சொன்னார்கள். ஆனால் ஆலையை நடத்தியவர்களும், வேலை செய்தவர்களும் இங்கே உள்ளவர்கள்தான். அடுத்தடுத்த வருடங்களில் டிவிஎஸ் மோட்டார், ரானே குழும நிறுவனங்கள், லூகாஸ் டிவிஎஸ் எனத் தமிழ்நாட்டைச் சேர்ந்த பல நிறுவனங்கள் இந்த விருதைப் பெற்றன.

2007-ல் இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து, உற்பத்தித் துறை மேலாளர்களுக்காகத் தனிப் பயிற்சித் திட்டம் தொடங்கின. ஐஐடி மெட்ராஸ், ஐஐடி கான்பூர், ஐஐஎம் கல்கத்தா ஆகியவை இதில் பங்கெடுத்தன. தலைமை ஆலோசகர் பேராசிரியர் ஷோஜி ஷிபா. 2012-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

2016 நவம்பரில் அடுத்த ஒப்பந்தம். 10 வருடங்களில் 30,000 பேருக்கு ஜப்பானிய முறையில் உற்பத்தித் திறன் பயிற்சி என்பது இலக்கு. இதற்காக 2017-ல் தொடங்கிய முதல் நான்கு பயிற்சி நிறுவனங்களில் ஒன்று தமிழ்நாட்டில், யமஹா நடத்துவது. பட்டம் படித்தவர்களை மட்டும் பார்க்காமல், நாளைக்குத் தொழிற்சாலைத் தளத்தை நடத்தப்போகிறவர்களைத் தயார் செய்வதுதான் இதன் நோக்கம்.

ஆனால் இவை எல்லாம் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே நடந்தவை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் டிப்ளமோ, ஐடிஐ முடிக்கும் பசங்களில் பலர் ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுவது இதனால்தான். இப்போது தொழிற்சாலை ஊருக்கே வந்திருக்கிறது. பழக்கும் முறையும் கூடவே வருமா என்பதுதான் கேள்வி.

ஜப்பான் முறையில் குறையே இல்லையா?

இருக்கு. மறைக்க முடியாத அளவுக்கு இருக்கு.

முதல் பிரச்சனை, நேரம். கம்பெனியே வாழ்க்கை என்று எதிர்பார்க்கும் பழக்கத்தால், அதிக வேலையால் ஏற்படும் மரணத்துக்கு ஜப்பானிய மொழியில் 'கரோஷி' என்று தனிச் சொல்லே இருக்கிறது. 2018-ல் சட்டம் கொண்டுவந்துதான் ஓவர்டைமுக்கு வரம்பு வைத்தார்கள்.

இரண்டாவது, பெண்கள். பணக்கார நாடுகளில் மேலாளர் பதவிகளில் பெண்களின் பங்கு மிகக் குறைவாக உள்ள நாடுகளில் ஜப்பானும் ஒன்று. நீண்ட நேர வேலை, திடீர் இடமாற்றம் என்று இருந்தால், குழந்தை பெற்ற பெண் அந்த ஏணியில் எப்படி ஏறுவார்? பெண்களை நம்பியே தொடங்கப்படும் ஷூ தொழிற்சாலைகள் இதை அப்படியே காப்பி அடித்தால், லைன் முழுக்கப் பெண்கள், கேபின் முழுக்க ஆண்கள் என்றுதான் முடியும்.

மூன்றாவது, இந்தியாவில் கிடைத்த அனுபவம். 2012 ஜூலையில் ஹரியானா மாநிலம் மானேசரில் மாருதி சுசுகி ஆலையில் வெடித்த வன்முறையில், மனிதவளப் பிரிவின் உயர் அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். நிரந்தரத் தொழிலாளிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இடையிலான சம்பள இடைவெளி அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. 2020 நவம்பரில் கர்நாடகா மாநிலம் பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையில் போராட்டம் நடந்து, கதவடைப்பு வரை போனது. ஒரே யூனிஃபார்ம், ஒரே கேன்டீன் என்பதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் அது மட்டும் போதாது என்பதை இந்தச் சம்பவங்கள் காட்டின.

சொல்லப்போனால், ஜப்பான் முறையின் அஸ்திவாரமே 'இவர் பல வருடங்கள் நம்மோடு இருப்பார்' என்ற நம்பிக்கைதான். அதனால்தான் கம்பெனி ஒருவருக்காக 10, 15 வருடம் செலவு செய்கிறது. கான்ட்ராக்டில் வந்து, 11 மாதத்தில் வெளியே அனுப்பப்படும் ஒருவருக்கு எந்த சூப்பர்வைசரும் மெனக்கெட்டுத் தொழில் சொல்லித் தரமாட்டார். அஸ்திவாரம் இல்லாமல் கைசன், கெம்பா என்று சுவரில் எழுதி வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

பெரம்பலூர், அரியலூரில் என்ன செய்யலாம்?

ஷூ தயாரிப்பு என்பது பல கைகள் மாறும் வேலை. வெட்டுதல், தையல், ஒட்டுதல், தரம் பார்த்தல், பேக்கிங் என்று வரிசையாகப் போகும். ஒரு பெண்ணை ஐந்து வருடம் ஒரே ஊசி முன்னாடி உட்கார வைத்தால், அவருக்கு அந்த ஊசி மட்டும்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால், மூன்றே வருடத்தில் முழு லைனும் கைவசம் வந்துவிடும். லைன் லீடராக வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டிய அவசியம் இருக்காது. ஜப்பானின் துறை மாற்ற முறையில், ஊர்விட்டு ஊர் மாற்றுவதைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2022-ல் தமிழக அரசு காலணி மற்றும் தோல் பொருட்கள் துறைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதே வருடம் மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. 2023-ல், டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் பணி நடந்தது. இவை எல்லாம் வேலைக்குள் நுழைவதற்கான கதவுகள். உள்ளே நுழைந்த பிறகு மேலே ஏறுவதற்கும் ஏற்பாடு வேண்டும். நிலமும் சலுகையும் வாங்கும் நிறுவனத்திடம் எத்தனை பேருக்கு வேலை என்று அரசு கேட்கிறது. ஐந்து வருடம் கழித்து, சூப்பர்வைசர்களில் எத்தனை பேர் தொழிலாளியாகச் சேர்ந்தவர்கள், அதில் எத்தனை பேர் பெண்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

வேலைக்குச் சேருபவர்கள் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

இன்டர்வியூவுக்குப் போகும்போது சம்பளம், பஸ் வசதி, சாப்பாடு பற்றிக் கேட்பது வழக்கம். கூடவே இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

1. வேலை கம்பெனி ரோலிலா, கான்ட்ராக்டிலா? கான்ட்ராக்ட் என்றால், நிரந்தரம் ஆவதற்கு என்ன தகுதி, எத்தனை வருடம்?

2. ஒரே வேலையா, வேறு பிரிவுகளிலும் பழக்குவார்களா?

3. இப்போது இருக்கும் லைன் லீடர்களில் யாராவது தொழிலாளியாகச் சேர்ந்து மேலே வந்தவர்களா?

4. திருமணம், பிரசவ விடுப்புக்குப் பிறகு திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா, இல்லை மறுபடியும் முதலிலிருந்தா?

மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை மட்டும் கவனமாகக் கேளுங்கள். 'ஆமாம், அதோ அந்த அக்கா' என்று கை காட்டினால், அந்தத் தொழிற்சாலையில் ஏணி இருக்கிறது என்று அர்த்தம்.