கொல்லை நம்முடையது, தராசு யாருடையது?



பங்குனி, சித்திரை வந்தால் நம்ம செம்மண் மேட்டில் முந்திரிக்கொட்டை பொறுக்காத வீடு கிடையாது. தாத்தா வைத்த மரத்தில் அப்பா பொறுக்கினார். அப்பா வைத்த மரத்தில் நாம் பொறுக்கினோம். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் வந்து எல்லாவற்றையும் வேரோடு சாய்த்துப் போட்டது. அப்போதும் கொல்லையை விட்டு ஓடவில்லை. கடன உடன வாங்கி, வி.ஆர்.ஐ.3 ஒட்டுக்கன்று வைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தோம். அந்த மரங்கள் இன்றைக்கு நன்றாகக் காய்க்கிற வயசு. இந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கேட்கிறார்கள், "இத வெட்டிட்டுத் தைலமரம் போட்டா என்னப்பா?" என்று. என் மகனும் கேட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எப்படி வரும்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டு வாசலில் ஒரு வியாபாரி கொட்டை எடுத்தார். நான் வீட்டில் நிறுத்து வைத்த எடைக்கும் அவர் தராசு காட்டிய எடைக்கும் மூட்டைக்கு இரண்டு கிலோ வித்தியாசம். அதற்கு மேல் ஈரம் என்று ஒரு கழிவு, சொத்தை என்று ஒரு கழிவு. மூன்று நாள் களத்தில் காய்ந்த கொட்டையில் ஈரம் எங்கேய்யா வந்தது என்று கேட்டேன். "வேண்டாம்னா வச்சுக்குங்க" என்றார். பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய வாரம் அது. கொடுத்துவிட்டேன். சங்கச் செயலாளர் கதையே இப்படி என்றால் மற்றவர்கள் கதை என்ன?

இந்தக் கதை நமக்கு மட்டும் நடந்தது இல்லை. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரன் நாட்டிலேயே, அவன் சொந்த விவசாயிக்கும் நடந்திருக்கிறது. பிரான்சின் தெற்கே கடலோரமாக லாங்குடாக் என்று ஒரு சீமை. நம்மூர் போலவே வெயில் காய்கிற பூமி. குடும்பம் குடும்பமாகத் திராட்சை வைத்து ஒயின் செய்வதுதான் அங்கே பிழைப்பு. (ஒயின் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. நான் அதைத் தொட்டதும் இல்லை.) 1860-களில் வேரைத் தின்னும் ஒரு பூச்சி வந்து கொடியெல்லாம் செத்தது. அவர்களும் நம்மைப்போல ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டினார்கள். தோட்டம் மறுபடி தழைத்தது, விலை மட்டும் தழைக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து போலி ஒயின் விற்றவன் ஒரு பக்கம், அல்ஜீரியாவிலிருந்து வந்து இறங்கிய ஒயின் ஒரு பக்கம். பெரிய பண்ணைக்காரனுக்குச் சொந்தக் கிடங்கும் பீப்பாயும் இருந்தன, தாக்குப்பிடித்தான். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரன் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுக் கைபிசைந்து நின்றான்.

1907 மார்ச் 11-ந் தேதி அர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 விவசாயிகள் புறப்பட்டு நார்போன் நகருக்குப் போய் முறையிட்டார்கள். கூட்டிப் போனவர் மார்செலின் ஆல்பெர். காப்பிக்கடை வைத்திருந்த சிறு விவசாயி. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஊர் என்று கூட்டம் பெருகியது. ஜூன் 9-ந் தேதி மோன்பெலியே நகரில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். நார்போனில் பட்டாளம் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட 17-வது படைப்பிரிவின் சிப்பாய்கள், விவசாயி வீட்டுப் பிள்ளைகள், கலகம் செய்தார்கள். ஜூன் 29-ந் தேதி கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. யார் எவ்வளவு ஒயின் எடுத்தார் என்பதை ஊர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று ஆனது.

இதில் சங்கத்துக்காரர்கள் மறக்கக் கூடாத சங்கதி ஒன்று உண்டு. பாரிசுக்குத் தனியாகப் போய்ப் பிரதமர் கிளெமான்சோவைப் பார்த்த ஆல்பெர், ஊர் திரும்ப ரயில் செலவுக்கு என்று அவர் கொடுத்த 100 பிராங்கை வாங்கிக்கொண்டார். பிரதமர் அதைப் பத்திரிகைகளிடம் சொல்லிவிட்டார். அத்தோடு ஆல்பெரின் மரியாதை போயிற்று.

சட்டம் வருவதற்கு முன்பே மரோசான் என்ற ஊர்க்காரர்கள் வேறொரு காரியம் செய்திருந்தார்கள். 1901-ல் சிறு விவசாயிகள் ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் ஆள் இல்லாமல் பாரிசுத் தொழிலாளர்களின் கூட்டுறவுக் கடைகளுக்கே ஒயினை அனுப்பினார்கள். 1905-ல் ஊருக்குப் பொதுவாக ஒயின் கிடங்கு கட்டினார்கள். அதைப் பார்த்துப் பிற்பாடு ஊர் ஊராக அப்படிக் கிடங்குகள் எழுந்தன. கொடி அவரவர் குடும்பத்துக்கு, கிடங்கும் தராசும் எல்லோருக்கும்.

நமக்கு அவர்களைவிட ஒரு வசதி இருக்கிறது. பறித்த திராட்சை நாள்கணக்கில் காத்திருக்காது. கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டவரைக் கேட்டால் தெரியும். நன்றாகக் காய்ந்த முந்திரிக்கொட்டை மாசக்கணக்கில் காத்திருக்கும். காத்திருக்க முடியாதது நம்ம கடன்தான். ஆகவே நமக்கு வேண்டியது ஒரு சிமெண்டுக் களம், ஒரு கிடங்கு, முத்திரை போட்ட ஒரு தராசு, இருப்பு வைத்த கொட்டையின் பேரில் முன்பணம். மல்லாட்டையையும் உளுந்தையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் விடத் தெரிந்த நமக்கு, முந்திரிக்கொட்டையை மட்டும் வீட்டு வாசலில் விற்கச் சொன்னது யார்?

அரசாங்கத்தையும் விட முடியாது. முந்திரிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. ஆலைகளுக்கு வேண்டிய கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. 2018 பட்ஜெட்டில் அதற்கான இறக்குமதி வரியை 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைத்தார்கள். பழம் இருக்கிறதே, அதைக் கேட்க நாதியில்லை. கொட்டையைவிடப் பல மடங்கு எடையுள்ள பழத்தைத் திருகி மரத்தடியிலேயே போட்டு ஈ மொய்க்க விடுகிறோம். கோவாக்காரன் அதே பழத்தில் பெனி காய்ச்சி 2009-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டான். நாம் சாராயம் காய்ச்ச வேண்டாம், பழரசத்துக்காவது ஒரு ஆலை கேட்கிறோம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்ருட்டி முந்திரிக்கு 2025-ல் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அந்தப் பெயரைப் போட்டு விற்கிற உரிமையை, விளைவிக்கிறவர் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டுதான் பெற முடியும். நாம் பதிவு செய்யாமல் இருந்தால் பெயர் பாக்கெட் போடுகிறவனுக்குத்தான் உதவும்.

வருகிற சங்கக் கூட்டத்துக்கு எல்லோரும் போன வருஷத்து விற்பனைச் சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். சீட்டே தராத இடமென்றால் எத்தனை மூட்டை, எவ்வளவு கழிவு என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். கொட்டை பொறுக்குகிற பெண்கள் கட்டாயம் வர வேண்டும், கணக்கு அவர்களுக்குத்தான் சரியாக நினைவிருக்கும். எல்லாவற்றையும் கூட்டி, ஊருக்கு எவ்வளவு போயிற்று என்று எழுதி, அதையே முதல் பக்கமாக வைத்து மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். பஸ் செலவு அவரவர் கையிலிருந்து.