படிக்கல் வைத்துப் பார்த்தீர்களா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எலக்ட்ரானிக் தராசு பழுதுபார்ப்பது என் தொழில். முத்திரையில்லாத தராசில் இங்கே வியாபாரம் செய்யக் கூடாது. ஆண்டுதோறும் படிக்கல் வைத்துச் சோதித்து முத்திரை புதுப்பிக்க வேண்டும். நூறு கிராம் மிளகுக்கே இவ்வளவு கண்டிப்பு. பிள்ளைகள் செய்யும் சென்சார் கருவிகளுக்கும் இந்தக் கண்டிப்பு வேண்டும் என்கிறேன்.

கேரளப் பள்ளிகளில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற தகவல் தொழில்நுட்ப மன்றங்கள் நடக்கின்றன. சென்சார்களை இணைத்துப் புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ பலகை பள்ளிக்கூடத்திலேயே கையில் கிடைப்பது பெரிய காரியம். ஆனால், என் கடைக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் கருவிகளில் ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வெப்பத்தை அளக்கும் ஒரு தெர்மிஸ்டரை விரலால் பிடித்தால், தொடாத பக்கத்துச் சென்சாரின் எண்ணும் ஏறுகிறது. அவர்கள் புரோகிராமில் பிழை தேடுகிறார்கள்; கோளாறோ வேறிடத்தில்.

ஆர்டுயினோ ஊனோவில் அனலாக் பின்கள் ஆறு; அளக்கும் சுற்றோ ஒன்றுதான். ஆறு பேர் சரக்கை ஒரே தராசில் நிறுப்பது மாதிரி. முன்பு அளந்த சென்சாரின் மின்னழுத்தம் ஊனோவின் சிப்புக்குள் இருக்கும் சின்னக் கெப்பாசிட்டரில் மிஞ்சி நிற்கும். இணைக்கும் சென்சாரின் மின்தடை 10 கிலோ ஓமுக்குள் இருந்தால் நல்லது என்று சிப்பின் தகவல் ஏடே சொல்கிறது. 100 கிலோ ஓம் என்றால் கெப்பாசிட்டர் புது அளவுக்கு வர நேரம் போதாமல் போகலாம். குறைந்த மதிப்புள்ள ரெசிஸ்டர் போடலாம். மெதுவாக மாறும் அளவுகளுக்குப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்கலாம். பின் மாறியதும் வரும் முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்த சிலவற்றின் சராசரியை எடுக்க வேண்டும்.

இன்னொன்று சப்ளை. ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். எல்.எம்.35 சென்சார் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், ஒரு படி என்பது அரை டிகிரி. யுஎஸ்பி சப்ளை 4.7 வோல்ட்டுக்கு இறங்கினால் 5 வோல்ட் என்றே கணக்கிடும் புரோகிராம் 30 டிகிரி அறையை 32 என்று காட்டும். சிப்பின் உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டை ஒப்பாக வைத்தால் படி 0.1 டிகிரிக்கு இறங்கும். ஆனால் அந்த 1.1-உம் சிப்புக்குச் சிப்பு மாறும். மல்டிமீட்டரில் பார்த்து, நம்பகமான வெப்பமானியோடு ஒத்துப் பார்த்தால்தான் தெரியும். திரையில் 31.87 என்று தசமம் வருவதால் மட்டும் அது சரியான அளவாகிவிடாது.

ஆகவே அறிவியல் கண்காட்சி நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள். "இது என்ன செய்யும்?" என்பதோடு, "எதோடு ஒத்துப் பார்த்தாய், எவ்வளவு வித்தியாசம் வந்தது?" என்றும் கேளுங்கள். ஒத்துப் பார்த்த அட்டவணைக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். நாளை ஆற்றின் நீர்மட்டத்தையும் மருத்துவமனைக் குளிர்பெட்டியின் வெப்பத்தையும் அளக்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான். சோதிக்காத எண்ணை நம்பக் கூடாது என்பதை அவர்கள் பள்ளியிலேயே பழகட்டும்.