அட்டவணையில் இருந்த அம்மா

இலங்கைப் பொருளாதாரத்தின் எதிர்காலம் பற்றி ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த இரண்டு நாள் மாநாட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். குத்துவிளக்கு, கண்டிய நடனம், பரதம், மும்மொழியிலும் வரவேற்புரை. பன்மைத்துவம் என்ற சொல் பதாகையிலேயே இருந்தது. தேநீர் இடைவேளையோட தமிழும் சிங்களமும் முடிஞ்சுது. மிச்சமெல்லாம் ஆங்கிலம்.

அதுக்காக மட்டும் நாங்கள் கோவிக்கேல்ல. நல்ல அமர்வுகளும் இருந்தன. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை அரசு நிறுத்தியது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனா அடுத்த வருஷம் நடந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் முறிகள் தப்பிக்க, ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதியங்கள் மாட்டிக்கொண்டதை ஒரு விரிவுரையாளர் சொல்லித்தான் எங்களில் கனபேருக்கு விளங்கினது. முறிகளை மாற்றிக்கொள்ள வேணும், இல்லாட்டி அந்த வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலா 30 வீத வரி. ஆடைத் தொழிற்சாலையில வேலை செய்யிற எங்கட அக்காமாரின் சேமிப்பு அது. இதை ஒருத்தரும் அவைக்குத் தமிழில சொல்லேல்ல.

எங்களுக்கு உறுத்தினது வேற. நாட்டைப் பற்றிப் பேசின எல்லாரும் சராசரியில்தான் பேசினார்கள். 2019 கணக்கெடுப்பின்படி இலங்கையில் வறுமை 14.3 வீதம். அதே கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டம் 2.3, முல்லைத்தீவு 44.5, பெருந்தோட்டத்துறை 33.8. இந்த நாலு எண்ணையும் பக்கத்தில பக்கத்தில வைச்சா, 14.3 எந்த ஊரின் கதை என்று கேட்கத்தான் தோணும். பன்மைத்துவம் நடனத்தில இருக்கிறதை விட இந்த இடைவெளியிலதான் கூட இருக்கு. அதைப் பற்றி ஒரு அமர்வுகூட இல்ல.

இரண்டாம் நாள் வடக்கில் நுண்கடன் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அட்டவணை வந்ததும் எங்களில் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளின் கிராமத்தின் பெயர். மூன்று வருஷத்துக்கு முதல் அவளின் அம்மாவை முற்றத்தில் இருத்தி இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்ட ஆய்வு அது. எத்தனை கொம்பனியில கடன், எந்த நகை அடகில, வசூலுக்கு வாறவை என்ன பேசுவினம் என்று எல்லாம் கேட்டவை. முடிவைக் கொண்டுவந்து சொல்லுறம் என்றும் சொன்னவையாம். ஒருத்தரும் வரேல்ல.

கேட்டால் பதில் இருக்கு. ஆங்கில சஞ்சிகையில வந்தால்தான் பதவி உயர்வுக்குப் புள்ளி. உண்மைதான், அந்த விதியை அவர்கள் தனியாக மாற்றவும் முடியாது. ஆனா தகவல் எடுத்த ஊரின் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கமும், அங்கே ஒரு பின்னேரக் கூட்டமும் அவ்வளவு பாரமா? எங்களுக்குத் தந்த தோல் பையின் காசே போதும் (பை நல்லாத்தான் இருக்கு, இப்பவும் பாவிக்கிறம்). அதைச் செய்யாத கட்டுரையை அடுத்த மாநாட்டில் ஏற்க வேண்டாம் என்று ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கிறோம்.

இதுக்கிடையில் அந்தக் கட்டுரையைக் கேட்டு வாங்கி, நாங்களே தமிழில் சுருக்கி, மாதர் சங்கக் கட்டடத்தில் வாசித்தோம். இருபது பேரளவில் வந்திருந்தார்கள். கொம்பனிகளின் எண்ணிக்கையும் வட்டியும் சரி என்று தலையாட்டினார்கள். அம்மா மட்டும் கடைசியில் கேட்டா: "வசூலுக்கு வந்தவன் படலையில நிண்டு என்ன கத்தினவன் எண்டு அரை மணித்தியாலம் சொன்னனான் பிள்ளை. அது எந்தப் பக்கத்தில கிடக்கு?"

தேடிப் பார்த்தோம். இல்ல.