உங்கள் ஊர்ப் பாட்டு எது?

2002இல், போர்நிறுத்தம் வந்து சில மாதங்களில், திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையின் முனை வீட்டுக்கு ஒரு நோர்வேக்காரர் குடிவந்தார். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் கடற்பிரிவு. நோர்டிக் நாடுகள் ஐந்திலிருந்தும் அந்தக் குழுவுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். ஊர்ச் சனத்துக்கு அத்தனை பேரும் நோர்வேக்காரர்தான். இவர் உண்மையிலேயே நோர்வே. பின்னேரங்களில் டச்பே மணலில் நடந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு நாளும் அதே மெட்டு. கச்சான் காற்று அதை எங்கள் விறாந்தை வரைக்கும் கொண்டுவரும்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். ‘அஹா’ குழுவின் ‘டேக் ஆன் மீ’ என்றார். கசெற்றில் எத்தனையோ தரம் கேட்ட பாட்டு. அதைப் பாடியவர்கள் நோர்வேப் பொடியன்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மோர்ட்டன் ஹார்க்கெட், மாக்னே ஃபூருஹோல்மன், போல் வாக்டார் என்று மூன்று பெயர்களையும், கூடப் படித்தவர்களின் பெயரைச் சொல்வதுபோல அவ்வளவு உரிமையோடு சொன்னார். சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: “உங்கள் ஊர்ப் பாட்டு எது?”

அவர் தேவாரத்தைக் கேட்கவில்லை என்பது விளங்கியது. கோணேசர் மீது சம்பந்தர் பாடியது இங்கே சின்னப் பிள்ளைக்கும் பாடம். இவர் கேட்டது இளந்தாரிகள் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பாடித் திரிந்த பாட்டு. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. எம். பி. பரமேஷ் என்றேன். திருமலைக்காரர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடியவர் என்றேன்.

“கேட்கலாமா?” என்றார் அவர்.

கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு காலத்தில் இருந்தது. ‘உனக்குத் தெரியுமா’ பாட்டு வந்த தட்டை எங்கள் பெரியண்ணர் வாங்கி வைத்திருந்தார். வீட்டில் தட்டுப்பெட்டி இல்லை. பாலையூற்றில் ஒரு பறங்கியர் வீட்டில் இருந்தது. அந்தக் கறுப்புத் தட்டைச் சேட்டுக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சைக்கிளில் போவார். நான் பின்னால் கரியரில். அந்த வீட்டு அங்கிள் ஊசியைத் துடைத்து, தட்டைத் துடைத்து, எங்களை நிலத்தில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போடுவார். 1990இல் ஊரை விட்டு ஓடியபோது தட்டு அலுமாரிக்குள் இருந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை.

அதனால் அன்று பின்னேரம், வேலிக்கரையில் நின்றபடி, அந்தப் பாட்டை நானே அவருக்குப் பாடிக் காட்டினேன். இரண்டாவது சரணத்தில் பாதி மறந்துவிட்டது. அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.

பரமேஷ், கோணேஷ் என்ற அந்தச் சகோதரர்களைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே எழுதியிருக்க வேண்டும். 1960களின் கடைசியிலும் எழுபதுகளிலும் இலங்கைத் தமிழில் பொப் இசை என்று ஒன்று தளிர்த்தபோது, எங்கள் ஊருக்குக் கிடைத்த பெயர்கள் அவை. ஈழத் தமிழ் மெல்லிசையில் முதல் இசைத்தட்டு கண்டவர் என்று பரமேஷைச் சொல்வார்கள். ‘உனக்குத் தெரியுமா’, தான் விரும்பிய பெண்ணை நினைத்து அவர் கட்டிய பாட்டு என்றும், பிறகு அவரையே கைப்பிடித்தார் என்றும் ஊரில் கதை உண்டு. பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்தக் கதையை நம்புவதில் தடையே இருக்காது.

அந்தப் பாட்டு எங்கள் தலைமுறைக்கு என்ன செய்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். அன்றைக்குக் காதல் என்றால் அது கோடம்பாக்கத்தின் பொறுப்பு. வானொலியைத் திருகினால் இந்தியச் சினிமாப் பாட்டு. மயில்வாகனம் ஐயாவின் குரலில் அறிவிப்பு வரும், அதைக் கேட்கவே சனம் தேநீர்க் கடைகளில் குந்தியிருக்கும், ஆனால் பிறகு வருகிற பாட்டு யாரோ ஒரு கதாநாயகன் ஊட்டியில் யாரோ ஒருத்திக்குப் பாடுவதுதான். அதற்குள் எங்கள் ஊரிலேயே நடமாடும் ஒரு இளைஞர், நடிகருக்குக் குரல் கொடுக்காமல், தன் மனதைத் தன் வாயால், நாங்கள் கதைக்கிற அளவுக்கு எளிய சொல்லில் ஒரு பெண்ணிடம் கேட்டார். ‘நான்’ என்று பாடியவர் அவரேதான். அண்ணர் அந்தத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதன் காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

இது திருமலையில் நடந்ததற்குத் துறைமுகமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபர் 15இல் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போனது. கப்பல் போனாலும் அது இறக்கிய பழக்கங்கள் கரையில் தங்கிவிட்டன. டொக்யார்ட்டில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் மேல்நாட்டு வாத்தியங்களும் தட்டுகளும் இருந்தன. பாலையூற்றுப் பறங்கியர் கலியாணங்களில் வயலினும் மண்டலினும் கபரிஞ்ஞாவும் ஒலித்தன. போர்த்துக்கேயரோடு வந்த அந்தத் தாளம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பைலாவாகித் தீவு முழுக்கப் பரவியது. ஒரு பக்கம் பத்திரகாளி அம்மன் கோயில் மேளம், இன்னொரு பக்கம் தேவாலய ஓர்கன், நடுவில் வானொலி. இத்தனையும் ஒரே காதுக்குள் போன பிள்ளைகள் கிற்றாரைத் தொட்டபோது தமிழில் பாட வேண்டும் என்று தோன்றியது இயல்பு.

அதே காலத்தில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமி’யைப் பாடி நாட்டையே ஆட வைத்தார். ஏ. ஈ. மனோகரன் கடல் கடந்து போய், சென்னையில் ‘சிலோன் மனோகர்’ ஆனார். ‘சுராங்கனி’ இந்தியா முழுக்கப் பரவியது. 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானபோது தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. அவர்களுடையது துள்ளல். பரமேஷின் பாட்டு மெல்லப் பேசுவது. அதனாலோ என்னவோ, ஆடியவர்கள் மனோகரனை நினைவில் வைத்தார்கள், காதலித்தவர்கள் பரமேஷை.

நோர்வேக்காரரின் கதைக்கு வருகிறேன். பிறகு பல பின்னேரங்கள் கதைத்தோம். ‘டேக் ஆன் மீ’ முதல் தரம் 1984இல் வெளியானபோது எடுபடவில்லையாம். விட்டுவிடாமல் அலன் டார்னி என்ற தயாரிப்பாளரைப் பிடித்துத் திரும்பப் பதிந்தார்கள். அதுவும் உடனே ஓடவில்லை. பிறகு ஸ்டீவ் பரன், பென்சில் கோட்டுச் சித்திரமும் உயிருள்ள ஆளும் ஒன்றோடொன்று கலக்கும் அந்தப் படத்தை எடுத்தார். அதன் பிறகுதான், 1985 ஒக்டோபரில், அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம். அன்றைய நோர்வேயின் சனத்தொகை நாற்பது லட்சத்துச் சொச்சம்.

இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரே பாட்டுக்கு மூன்று வாய்ப்பு. எங்கள் பொடியன்களுக்கு ஒன்று கிடைத்ததே பெரிய காரியம். அந்நியச் செலாவணி இறுகிய எழுபதுகளில் கிற்றார் கம்பி அறுந்தால் மாற்றுக் கம்பிக்கே அலைய வேண்டும். தமிழ்த் தட்டுப் போட்டு விற்க ஒரு சந்தை இருக்கிறது என்று நம்பி முதல் போட ஆள் வேண்டும். திறமைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. திறமைக்குப் பின்னால் நிற்க ஒருவரும் இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அஹாக்காரர் உலகத்தைப் பிடிக்க இலண்டனுக்குப் போய் ஆங்கிலத்தில் பாடினார்கள். பெரும் புகழுக்குப் பிறகு, 1993இல், ஹார்க்கெட் நோர்வே மொழியிலேயே ஒரு தனித் தொகுப்புப் பாடினார். நோர்வேக்காரர் அதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. “அப்போதுதான் அவர் வீட்டுக்கு வந்தார்” என்றார். பரமேஷ் வீட்டிலிருந்தே தொடங்கியவர் என்றேன் நான்.

ஆனால் வீடு அவரை வைத்திருக்கவில்லை. 1983 கலவரத்துக்கு முன்னும் பின்னும் இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணி முடியாது. பரமேஷ் ஜேர்மனிக்குப் போனார். மகள் பிரபாலினியும் புலம்பெயர்ந்த மண்ணில் பாடகியாக, இசையமைப்பாளராக வளர்ந்தார். இதில் என் மனதை விட்டுப் போகாத விஷயம் ஒன்று உண்டு. ஜேர்மனியின் ‘டொய்ச்ச வெல்ல’ வானொலி எங்கள் திருமலையில், நகரத்துக்கு வடக்கே, ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் அமைத்து 1984இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கும் வரை அந்தக் கம்பங்களிலிருந்து ஜேர்மனியின் குரல் ஆசியாவெங்கும் போனது. எங்கள் ஊரின் குரலோ ஜேர்மனியில் ஏதோ ஒரு குளிர் வீட்டில் இருந்தது.

நோர்வேக்காரர் ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போனார். பிறகு நானும் தேடிப் படித்தேன். நோர்வேயில் 1989இல் ஒரு சட்டம் வந்தது. அச்சான புத்தகம் மட்டுமல்ல, வெளியாகும் இசைப் பதிவுகளும் வானொலி ஒலிபரப்பும்கூடத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும். வட துருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே மோ ஈ ரானா என்ற ஊரில் மலையைக் குடைந்து, குளிரும் ஈரப்பதமும் அளவாக வைத்து, அங்கே அவற்றைப் பாதுகாக்கிறார்கள். புகழ்பெற்றவன் பாட்டு, ஒருவரும் கேட்காதவன் பாட்டு என்று பார்ப்பதில்லை.

கடந்த ஆண்டு ஹார்க்கெட் தனக்குப் பார்க்கின்சன் நோய் என்று வெளியே சொன்னார். மூளையில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, குரலும் முன்போல் கைகொடுக்கவில்லை. படித்தபோது அந்த விசில் காதுக்குள் கேட்டது. அந்தக் குரல் இனி எப்படியானாலும் மலைக்குள் இருக்கிறது.

இங்கே? இன்று கைபேசியில் தேடினால் பரமேஷின் பாட்டு கிடைக்கும். தட்டை வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றியது, ஊசிக் கீறலும் சேர்த்து. அந்த அளவுக்கு ஆறுதல். ஆனால் அவரோடும் அவருக்குப் பின்னும் இந்த ஊரில் எத்தனை குழுக்கள்! கோயில் திருவிழாவிலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் கலியாண வீட்டிலும் வாசித்த பொடியன்களின் பாட்டெல்லாம் தட்டில் ஏறவில்லை. சில கசெற்றில் இருந்தன. 83 எடுத்தது போக 90, அது எடுத்தது போகச் சுனாமி. மிச்சம் இருப்பது பெட்டிகளின் அடியில்.

அதனால் இரண்டு வருடத்துக்கு முன், கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் தட்டுப்பெட்டி ஒன்றும், ஓடக்கூடிய கசெற் ரெக்கோடர் ஒன்றும் வாங்கி வந்தேன். அண்ணரின் மகன் கணினியில் பதிந்து தருகிறான். தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். முதலில் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒன்றிரண்டு வரத் தொடங்கியது: சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, யாரோ ஒருவரின் பூப்புனித நீராட்டு விழா. எல்லாவற்றையும் பதிந்தோம். தெரிவு செய்கிற வேலை எங்களுடையது அல்ல.

போன மாதம் உவர்மலையிலிருந்து ஒரு அக்கா வந்தார். சேலைத் துண்டில் சுற்றிய கசெற். பெயர் எழுதிய தாள் எப்போதோ உரிந்து போயிருந்தது. நாடா ஒரு இடத்தில் சுருங்கியிருந்ததால் பென்சிலை விட்டு மெல்லச் சுற்றி நேராக்கினோம். போட்டபோது கன நேரம் இரைச்சல்தான். பிறகு ஒரு கிற்றார் சுருதி சேர்க்கிற சத்தம். பின்னால் கடல், அல்லது நாடாவின் இரைச்சல்தானோ என்னவோ. ஒரு ஆண்குரல், “ஓம், சரி, தொடங்குவம்” என்றது. மெட்டு எனக்குத் தெரியாதது. சொற்களும் புதியவை. சொந்தப் பாட்டு.

அக்கா கதிரை நுனியில் இருந்தபடி கேட்டார். பாட்டு பாதியில் நின்றது, நாடா அவ்வளவுதான்.

“தம்பியின்ரை குரல்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அண்ணரின் மகன் பதிவைச் சேமித்துவிட்டு, என்ன பெயர் போடுவது என்று என்னைப் பார்த்தான்.

“முதல்லை இன்னொருக்கால் போடுங்கோ” என்றார் அக்கா.