ஸ்ப்லைன் மேல ஏன்யா பழி போடறீங்க?

லென்ஸ் வடிவமைக்கிறவங்க கிட்ட 'ஸ்ப்லைன்'னு சொல்லிப் பாருங்க. வேப்பங்காயைக் கடிச்ச மாதிரி மூஞ்சியைச் சுளிப்பாங்க. "அதெல்லாம் எல்.ஈ.டி. விளக்குக்குச் சரி சார், படம் பிடிக்கிற லென்ஸுக்கு பாலினாமியல்தான்"னு உடனே தீர்ப்பு வந்துடும். இந்தத் தீர்ப்பு அரைகுறைன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

விஷயம் புதுசா இருக்கிறவங்களுக்கு: லென்ஸோட பாதிக் குறுக்குவெட்டை ஒரு கோடா வரைஞ்சு, நடு அச்சைச் சுத்தி, குயவர் சக்கரம் மாதிரி ஒரு சுத்து விட்டா முழுப் பரப்பும் கிடைச்சிடும். அந்தக் கோட்டை மென்பொருளுக்கு எப்படிச் சொல்றது? ஒரு வழி, ஜீமேக்ஸ்ல இருக்கிற ஈவன் ஆஸ்ஃபியர் மாதிரி, மையத்துலேர்ந்து உள்ள தூரத்தோட 4, 6, 8-ம் அடுக்குகளைக் கூட்டறது. இன்னொரு வழி, சில புள்ளிகள்ல உயரத்தைக் கொடுத்து, இடைப்பட்ட இடத்தை முப்படிக் கோவைகளால தைக்கறது. அதான் க்யூபிக் ஸ்ப்லைன்.

பாலினாமியல் பக்தர்கள் சொல்லாம விடறது ஒண்ணு இருக்கு. விளிம்பு 10 மி.மீ. தூரத்துல இருக்குன்னு வைங்க. அங்கே 1 மி.மீ. உயரம் கொடுக்கிற 16-ம் அடுக்கோட குணகத்துல, புள்ளிக்குப் பின்னாடி 15 சைபர் நிக்கும். ஒரு அடுக்கு மேலே தூக்கும், அடுத்தது கீழே இழுக்கும். எண்ணைப் பார்த்து வடிவத்தைச் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. ஃபோர்ப்ஸ் 2007-ல், செங்குத்துக் கோவைகளை வச்சு வேற விவரிப்பு முறையையே முன்வைச்சது சும்மா இல்லை.

ஸ்ப்லைன்ல உயரம் மி.மீ. கணக்கிலேயே கண்ணுக்குத் தெரியும். ஒரு புள்ளியை நகர்த்தினா பாதிப்பு பெரும்பாலும் அக்கம்பக்கத்தோட அடங்கிடும். அப்புறம் ஏன் கெட்ட பேரு? ரெண்டு இடத்துல கோட்டை விடறாங்க.

முதலாவது, மையம். பாதிக் கோட்டை மட்டும் கொடுத்து, முனையை 'நேச்சுரல்'னு விட்டா, அங்கே வளைவு சைபராகும். சரிவு சைபராகணும்னு கட்டாயம் இல்லை. சுத்தி விட்டா நடுவுல கூம்பு முனை! மையத்துல சரிவு 0-ன்னு நாமதான் பூட்டணும். இல்லேன்னா புள்ளிகளைக் கண்ணாடிப் பிம்பமா மறுபக்கமும் கொடுக்கணும்.

ரெண்டாவது, பேராசை. அளந்தெடுத்த புள்ளிகளை அப்படியே உள்ளே கொட்டறது. இடைவெளி 0.1 மி.மீ., பிழை 0.1 மைக்ரான். சின்னதுதானேன்னு தோணும். 0.0001-ஐ 0.1-ன் வர்க்கத்தால வகுங்க: 0.01. அதாவது 100 மி.மீ. ஆரமுள்ள வளைவு ஒண்ணு திருட்டுத்தனமா உள்ளே நுழைஞ்சாச்சு. ஒளியில வளையம் வளையமா வராம என்ன செய்யும்? முதல்ல பிழையை வழிச்சு எடுங்க, அப்புறம் புள்ளிகளைக் குறைங்க.

முடிச்சுகள்ல மூணாவது வகைக்கெழு குதிக்கும்கிறது உண்மைதான். ரொம்ப நுணுக்கமான லென்ஸுன்னா அதையும் பார்க்கணும். அதுக்காக கருவியையே ஒதுக்கறது என்ன நியாயம்? கூம்பு முனையோட மோல்டு வெட்டி, காசும் போனப்புறம் ஸ்ப்லைனைத் திட்டினா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல தாராளமா மோதலாம். கணக்கோட வாங்க, அவ்ளோதான் :-)